குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி ஆசப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்: முதல் தடவை வாங்கறவங்களுக்கு

எங்களுக்குப் பொண்ணு பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி நான் ரெண்டு சீட் கார் ஒண்ணு வாங்கினேன். செகண்ட் ஹேண்ட் மாஸ்டா எம்எக்ஸ்-5, மேனுவல் கியர், துணிக் கூரை. இப்போ அவளுக்கு நாலு வயசு, வண்டி இன்னும் எங்ககிட்டயே தான் இருக்கு. இத கேள்விப்பட்டு அடிக்கடி யாராவது கேக்கறாங்க, நாங்களும் குழந்தை பத்தி யோசிச்சிட்டு இருக்கோம், அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆசப்பட்ட வண்டிய வாங்கிடலாமான்னு. வாங்குங்கன்னு தான் சொல்வேன். ஆனா எத முதல்ல பண்றோம், எத அப்புறம் பண்றோம்ங்கறது முக்கியம். நிறைய பேர் முதல்ல வண்டிய பாத்து மயங்கிடறாங்க, அப்புறம் லோனுக்கு அலையறாங்க, கடைசில குழந்தை வர்றப்ப தான் இத வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிக்கறாங்க. நீங்க கடைசில இருந்து ஆரம்பிங்க. குழந்தை வீட்டுக்கு வர்ற அன்னிக்கு இந்த வண்டி என்ன ஆகும்னு முதல்ல முடிவு பண்ணிட்டா எந்த வண்டி, எவ்ளோ பணம், எப்போங்கறது எல்லாம் அதுலேர்ந்தே தெரிஞ்சிடும்.

முதல் வேலை: ரெண்டு பேரும் உக்காந்து பேசறது

மூணு வழி தான் இருக்கு. ஒண்ணு, ரெண்டு மூணு வருஷம் ஆசை தீர ஓட்டிட்டு வித்துடறது. ரெண்டு, வண்டிய வெச்சிக்கிட்டு குழந்தைக்குன்னு ஒரு சாதாரண நாலு கதவு வண்டியும் வெச்சிக்கறது. மூணு, ஆரம்பத்துலயே பின் சீட் இருக்கற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அதையே குடும்ப வண்டியாவும் ஓட்டறது. இதுல எதுன்னு ரெண்டு பேரும் வாயால ஒத்துக்கிட்டா போதாது, ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. நாங்க எழுதினது நாலே வரி தான். வண்டிக்கு மாசம் இவ்ளோவுக்கு மேல செலவு பண்றதில்ல, ஒருத்தர் சம்பளம் நின்னு ஆறு மாசம் தாண்டிச்சுன்னா விக்கறது, விக்கணும்னு யார் சொன்னாலும் அத சண்டையாக்கறதில்ல, என் கணவரும் மேனுவல் கியர் ஓட்டக் கத்துக்கணும். அந்த நாலாவது வரி ரொம்ப உதவிச்சு, ஏன்னா அதுக்கப்புறம் அது என் வண்டியா இல்லாம எங்க வண்டியா ஆயிடிச்சு.

இன்னொரு விஷயமும் இதே பேச்சுல வரணும், கொஞ்சம் கஷ்டமா இருந்தாலும். குழந்தை நம்ம போடற திட்டப்படி வராது. சிலருக்கு உடனே தங்கும், சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். 35 வயசுக்குள்ள இருக்கறவங்க ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் தங்கலைன்னா டாக்டர பாக்கணும்பாங்க, 35 தாண்டினவங்களுக்கு அது ஆறே மாசம். சிகிச்சைன்னு போனா அதுக்கும் பணம் வேணும், சில நேரம் நிறையவே வேணும். அதனால கார் வாங்கி முடிச்சிட்டு தான் குழந்தைன்னு தேதி குறிச்சுத் தள்ளிப் போடாதீங்க. வயசோ உடம்போ காத்திருக்காதுன்னு தெரிஞ்சா குழந்தை தான் முதல்ல, வண்டி எப்ப வேணா வாங்கிக்கலாம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

ரெண்டாவது: ஒரு சம்பளத்துல வாழ்ந்து பாக்கறது

இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, ஆனா எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த விஷயத்துலயும் பெருசு இது தான். குழந்தை வர்ற நேரம்ங்கறது செலவு ஏறுற நேரம் மட்டும் இல்ல, வருமானம் இறங்குற நேரமும் கூட. லீவு, பாதி சம்பளம், வேலைய விடறது, கொஞ்ச நாள் பார்ட் டைம், ஏதோ ஒண்ணு நடக்கும். அதனால வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆறு மாசம் ஒத்திகை பாருங்க. வண்டிக்கு மாசம் எவ்ளோ போகும்னு கணக்குப் போட்டு, அந்தப் பணத்த வண்டி ஏற்கனவே வாங்கிட்ட மாதிரியே மாசம் பொறந்த உடனே வேற அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க, அதுல கடைசி மூணு மாசம் ரெண்டு சம்பளத்துல சின்ன சம்பளத்த தொடவே தொடாதீங்க. மூச்சு முட்டாம இருக்க முடிஞ்சா உங்களால தாங்க முடியும்னு அர்த்தம், அதோட ஆறு மாசப் பணமும் கையில சேந்திருக்கும். முட்டிச்சுன்னா வண்டிய ஒரு படி கீழ இறக்குங்க.

கணக்குல லோன் தவணைய மட்டும் போட்டுட்டு நிறுத்திடாதீங்க. இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், டயர், பார்க்கிங் எல்லாம் சேரணும். ஸ்போர்ட்ஸ் கார் டயர் மிருதுவான ரப்பர், சீக்கிரம் தேயும், பல வண்டில முன்னாடி பின்னாடி அளவே வேற வேற, அதனால முன்னாடி டயர பின்னாடி மாத்திப் போட்டு ஆயுச நீட்டவும் முடியாது. பழைய வண்டின்னா விலைல பத்துல ஒரு பங்கு முதல் வருஷ ரிப்பேருக்குன்னு தனியா இருக்கணும், இது நான் எனக்கு வெச்சிக்கிட்ட கணக்கு. அப்புறம் அவசரத்துக்குன்னு வெச்சிருக்கற மூணுலேர்ந்து ஆறு மாச செலவுப் பணத்துல கை வெச்சு முன்பணம் கட்டவே கூடாது. லோன் எடுத்தா சீக்கிரம் முடியற மாதிரி எடுங்க. தவணை கம்மியா தெரியணும்னு ஏழு வருஷத்துக்கு இழுத்தா நடுவுல விக்கணும்னு வர்றப்ப வண்டி விலைய விட பாக்கிக் கடன் ஜாஸ்தியா நிக்கும், குழந்தைய கையில வெச்சிக்கிட்டு மாட்டிக்கக் கூடாத இடம் அது.

புதுசா பழசான்னு கேட்டா, விக்கறதா எழுதி வெச்சவங்க பழசு தான் வாங்கணும்னு சொல்வேன். புது வண்டி முதல் சில வருஷத்துல தான் வேகமா விலை இறங்கும், அந்த இறக்கத்த வேற ஒருத்தர் ஏற்கனவே தாங்கிட்டா நீங்க விக்கறப்ப நஷ்டம் கம்மி.

மூணாவது: எந்த வண்டி

இங்க தான் ஆசை பேச ஆரம்பிக்கும், பேசட்டும், அதுக்காக தான வாங்கறோம். ஆனா மேல சொன்ன மூணு வழில நீங்க எதுல இருக்கீங்கன்னு ஞாபகம் வெச்சிக்கங்க.

வித்துடப் போறவங்களுக்கும் ரெண்டாவது வண்டியா வெச்சிக்கறவங்களுக்கும் ரெண்டு சீட் வண்டி தாராளமா சரி. எம்எக்ஸ்-5 1989ல சிகாகோ ஆட்டோ ஷோல வந்தது, 2016ல பத்து லட்சமாவது வண்டிய தயாரிச்சாங்க, அவ்ளோ வண்டி இருக்கறதால பார்ட்ஸ் கிடைக்கும், அந்த வண்டி தெரிஞ்ச மெக்கானிக் கிடைப்பாரு, விக்கறதும் சுலபம். ஹோண்டா எஸ்2000 1999லேர்ந்து 2009 வரைக்கும் வந்தது, ஆரம்பகால ரெண்டு லிட்டர் இன்ஜின் 9000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கற கணக்கு) வரைக்கும் ஏறும், அந்த சத்தத்துக்காகவே வாங்கறவங்க இருக்காங்க, ஆனா இப்போ நல்லது தேடிப் பிடிக்கறது கஷ்டம்.

ஒரே வண்டியா ஓட்டணும்னா பின் சீட் வேணும். போர்ஷ 911க்கு 1963ல வந்த நாள்லேர்ந்தே பின்னாடி ரெண்டு சின்ன சீட் உண்டு, பெரியவங்க உக்கார முடியாது, ஆனா குழந்தைங்களுக்கு ஆகும். டொயோட்டா ஜிடி86, அதோட இரட்டை சுபாரு பிஆர்இசட், ரெண்டும் 2012ல வந்தது, பின் சீட் சின்னது தான் ஆனா அத மடிச்சா நாலு டயர் வைக்கற அளவு இடம் வரும்னா குழந்தையோட தள்ளுவண்டியும் வந்துடும் பாருங்க. மஸ்டாங்ல இடம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ரெண்டு கதவு வண்டில முன் சீட்ட தள்ளிட்டு குனிஞ்சு குழந்தைய பின்னாடி வெச்சு பெல்ட் போடறது தினமும் பண்றதுக்கு முதுகுக்கு நல்ல வேலை இல்ல, அதையும் சொல்லிடறேன். இந்த வழில போறவங்க டெஸ்ட் டிரைவ் போறப்பவே தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது குழந்தைக்கு வைக்கற கார் சீட்ட இரவல் வாங்கிட்டுப் போய் மாட்டிப் பாருங்க. பின்பக்கம் பாத்து வைக்கற சீட்டு நீளமா இருக்கும், அத வெச்ச அப்புறம் முன்னாடி உக்காரறவங்க முட்டி டேஷ்போர்டுல இடிக்குதான்னு பாக்கணும்.

சில வண்டிக்குன்னு தெரிஞ்ச நோய் இருக்கும், பாக்கப் போறதுக்கு முன்னாடியே படிச்சிட்டுப் போங்க. 1990கள் கடைசிலேர்ந்து 2000கள் நடுப்பகுதி வரைக்கும் வந்த போர்ஷ பாக்ஸ்டர்லயும் 996 தலைமுறை 911லயும் இன்ஜினுக்குள்ள இருக்கற இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைஞ்சா இன்ஜினே போயிடும், அத மாத்தின பில் இருக்கான்னு கேக்கணும். பிஎம்டபிள்யூ இ46 எம்3ல பின் சக்கரத்த தாங்கற சட்டம், அதாவது சப்ஃபிரேம், பிடிக்கற இடத்துல தகடு விரிசல் விடும். ஃபெராரி எஃப்355ல டைமிங் பெல்ட் மாத்த இன்ஜினையே வெளிய இறக்கணும். வாங்குற விலை கைக்கு எட்டினா மட்டும் பத்தாதுன்னு நான் சொல்றது இதத்தான், பழசாகி விலை இறங்கின பெரிய வண்டிக்கும் சர்வீஸ் செலவு புதுசா இருந்தப்ப இருந்த அதே பெரிய செலவு தான்.

இன்சூரன்ஸ் விலை வண்டி பாக்கப் போறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. அரிதான பழைய வண்டின்னா மார்க்கெட் மதிப்புக்கு பதிலா முன்கூட்டியே ஒத்துக்கிட்ட மதிப்புக்கு பாலிசி தருவாங்களான்னு கேளுங்க. ரேஸ் டிராக்ல ஓட்டறத சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏத்துக்காது.

நாலாவது: நேர்ல போய் பாக்கறது

விக்கறவங்களுக்கு போன் பண்றப்பவே ஒண்ணு சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போன உடனே பானெட்ட தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா எதுக்கு சூடு பண்ணாங்கன்னு கேள்வி வரும், ஏன்னா ஆறிப் போன இன்ஜின் தான் உண்மைய சொல்லும், ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற நீலப் புகை, டக்கு டக்குன்னு இன்ஜினுக்குள்ள சங்கிலி அடிக்கற சத்தம், எல்லாம் முதல் ஒரு நிமிஷத்துல தான் தெரியும். நீலம்னா ஆயில் எரியுது, ரொம்ப நேரம் ஆகியும் நிக்காம வர்ற இனிப்பு வாசன வெள்ளப் புகைன்னா இன்ஜின குளிர வைக்கற கூலன்ட் உள்ள போகுது.

டயர் பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசை கடைசில நாலு எண் இருக்கும், 2318ன்னா 2018ல 23ஆவது வாரம் செஞ்சது. இந்த மாதிரி வண்டிங்க ஓடாமயே நிக்கறதால டயர் பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் பத்து வயசு கல்லா இருக்கும். நாலும் ஒரே கம்பெனியா, தேய்மானம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கான்னும் பாருங்க.

பெயின்ட் அளக்கற மீட்டர் சின்னது கிடைக்கும், வாங்கி வைங்க, பக்கத்து பக்கத்து தகட்டுல எண் ரொம்ப மாறினா அங்க அடிபட்டு பட்டி பாத்திருக்காங்க. காந்தத்த ஒட்டிப் பாக்கறத மட்டும் நம்பாதீங்க. எம்எக்ஸ்-5 பானெட் அலுமினியம், கார்வெட் 1953லேர்ந்தே ஃபைபர் உடம்பு, ரெண்டுலயும் காந்தம் ஒட்டாது, அதுக்கு அர்த்தம் அடிபட்ட வண்டின்னு இல்ல. துணிக் கூரைன்னா தரை கார்பெட்ட தூக்கி ஈரம் இருக்கான்னு கைய வெச்சுப் பாருங்க, கூரைத் தண்ணி போற ஓட்டை அடைச்சா தண்ணி மொத்தமும் சீட்டுக்கு அடில தான் வரும்.

ஓட்டறப்ப அஞ்சாவது கியர்ல மெதுவா போயிட்டே முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. மூணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்கு இறக்கறப்ப கரகரங்கற சத்தம் வந்தா கியர் மாத்தறப்ப வேகத்த ஒத்துப் போக வைக்கற கியர்பாக்ஸ் சின்க்ரோ தேஞ்சிருக்கு. அப்புறம் வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற கோளாறு பதிவ படிக்கற ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு சொருகிப் பாருங்க, ஃபால்ட் கோட் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, ரெடினெஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னத் தானே பண்ணிக்கற சோதனைங்க, எல்லாம் முடிஞ்சதா காட்டுதான்னு பாக்கணும். முடியலைன்னு காட்டினா யாரோ சமீபத்துல தான் கோட அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டியிருக்காங்க. நான் முதல்ல பாத்த வண்டில இது தான் ஆச்சு. பளபளன்னு இருந்தது, விக்கறவரும் ரொம்ப இதமா பேசினாரு, எனக்கு அன்னிக்கே எடுத்துட்டு வந்துடணும்னு கை பரபரத்தது. ஒரு மானிட்டர் கூட முடியல. ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்ப ஸ்கேன் பண்ணலாமான்னு கேட்டேன், அப்புறம் அவரு போனே எடுக்கல. அந்த வண்டிய நெனச்சு ரெண்டு நாள் வருத்தப்பட்டேன், அது நியாயமான வருத்தம் தான், ஆனா வந்துட்டது சரி.

உங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடல் நல்லா தெரிஞ்ச, விக்கறவருக்கு சம்பந்தம் இல்லாத மெக்கானிக்கிட்ட காசு கொடுத்து லிஃப்ட்ல ஏத்திப் பாக்கச் சொல்லுங்க. இன்ஜின் சிலிண்டர்ல அழுத்தம் சரியா நிக்குதா, எங்கயாவது கசியுதான்னு பாக்கற கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட் ரெண்டும் கேளுங்க. போர்ஷன்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல எத்தன தடவை அளவுக்கு மீறி ஆர்பிஎம் ஏத்தியிருக்காங்கன்னு பதிவு இருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்க. இதுக்கு விக்கறவர் ஒத்துக்கலைன்னா பேச்சே வேணாம், கெளம்பி வந்துடுங்க.

பேப்பர் விஷயத்துல ரெண்டு தான் சொல்றேன். 17 எழுத்து சேசிஸ் எண் கண்ணாடிக்கு கீழ, கதவு ஓரம், ஆவணம் மூணுலயும் ஒண்ணா இருக்கணும், மேல கடன் பாக்கி இல்லன்னு உறுதி ஆகணும். அந்த எண்ண வெச்சு ரீகால், அதாவது கம்பெனி கூப்பிட்டு இலவசமா சரி பண்ற கோளாறு, பாக்கி இருக்கான்னும் பாருங்க, டகாட்டா கம்பெனியோட கோளாறான ஏர்பேக் விவகாரத்துல உலகம் முழுக்க கோடிக்கணக்கான வண்டிங்க மாட்டிச்சு, மாத்தாம ஓடிட்டு இருக்கறது இன்னும் இருக்கு.

அஞ்சாவது: வீட்டுக்கு வந்த அப்புறம்

முதல் வாரமே இன்ஜின் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட் மாத்திடுங்க. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், கொதிநிலை இறங்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஆயில் சூடாகற வரைக்கும் ஆர்பிஎம்ம ஏத்தாதீங்க. பின் சக்கரத்துல ஓடற வண்டி பழக்கம் இல்லன்னா ஒரு நாள் டிரைவிங் டிரெய்னிங் எடுத்துக்கங்க, ஈரத் தரைல வளைவுக்கு நடுவுல பயந்து போய் ஆக்சிலரேட்டர்லேர்ந்து சட்டுன்னு கால எடுத்தா பின்பக்கம் சுத்திடும், இத ரோட்டுல கத்துக்கக் கூடாது.

அப்புறம் ஓட்டுங்க. இத ஒரு படியா தான் சொல்றேன். மறைச்சு மூடி வெச்சு விலை காப்பாத்தணும்னு வாங்கல. ரெண்டு பேரும் ஏறி, கூரைய இறக்கி, எங்க போறோம்னு தெரியாம போற நாள் இந்த ரெண்டு மூணு வருஷத்துல தான் ஜாஸ்தி கிடைக்கும். நாங்க விடிகாலைல கெளம்பி வெயில் ஏறதுக்குள்ள திரும்பிடுவோம், பாதி நேரம் பேசக் கூட மாட்டோம். என் பொண்ணு வந்த அப்புறம் எனக்கு எதுலயும் குறை இல்ல, ஆனா அந்தக் காலைங்க அப்போ கிடைச்சதால தான் இப்போ கிடைக்கலைன்னு ஏக்கம் இல்ல.

ஆறாவது: வயித்துல குழந்தை தங்கின அப்புறம்

தாழ்வான சீட்டுல உக்காரறது அஞ்சாவது மாசம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல, ஏழாவது மாசம் வெளிய வர்றதுக்கு ஒருத்தர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பெல்ட்டோட கீழ் பட்டை வயித்துக்கு மேல போகக் கூடாது, வயித்துக்கு அடில இடுப்பு எலும்பு மேல படியணும், மேல் பட்டை மார்புக்கு நடுவுல வந்து வயித்துக்கு பக்கவாட்டுல இறங்கணும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேணும், சின்ன வண்டில வயிறு பெருசானா இது கிடைக்காது, கிடைக்காத அன்னிக்கு ஓட்டறத நிறுத்திடணும். நான் எட்டாவது மாசம் சாவிய அவருகிட்ட கொடுத்தேன். இறுக்கமான சஸ்பென்ஷன் குலுக்கல் பத்தி உங்க டாக்டர்கிட்ட ஆரம்பத்துலயே கேட்டுடுங்க, ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி.

குழந்தை வந்த அப்புறம் ஒரு விதி, இதுக்கு விலக்கே கிடையாது. பின்பக்கம் பாத்து வைக்கற சீட்ட ஏர்பேக் வேலை செய்யற முன் சீட்டுல வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிச்சா அடி நேரா குழந்தை தலைக்குப் பின்னாடி இருக்கற அந்த சீட்டுல தான் விழும், உயிருக்கே ஆபத்து. சில ரெண்டு சீட் வண்டில சாவி போட்டு ஏர்பேக்க ஆஃப் பண்ற வசதி இருக்கும், சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இருக்கும், வண்டி மேனுவல்ல அந்த இடத்துல குழந்தை சீட்ட அனுமதிக்கறாங்களான்னு வரிக்கு வரி படிங்க. ஐரோப்பால குழந்தை சீட்டுக்கு வெச்சிருக்கற ஐ-சைஸ்ங்கற ஆர்129 விதில குறைஞ்சது 15 மாசம் வரைக்கும் பின்பக்கம் பாத்து தான் உக்கார வைக்கணும். நாங்க எம்எக்ஸ்-5ல அவள ஏத்தவே இல்ல, அதுக்கு நாலு கதவு வண்டி இருந்தது, வெச்சிக்கறதா எழுதின அன்னிக்கே அதுக்கும் சேத்து தான் கணக்குப் போட்டிருந்தோம்.

விக்கறதா எழுதி வெச்சவங்க அஞ்சாவது ஆறாவது மாசமே வித்துடுங்க. கடைசி மாசத்துல அவசரம் தெரிஞ்சிடும், வாங்கறவங்க விலைய அடிப்பாங்க. பில் எல்லாம் ஒரு ஃபைல்ல தேதி வாரியா இருந்தா பாதி பேரம் குறையும்.

வெச்சிக்கறவங்க வண்டிய தூங்க வைக்கத் தெரிஞ்சிக்கணும், ஏன்னா முதல் ஆறு மாசம் அத தொட நேரம் இருக்காது. நல்லா கழுவி காய வைங்க, டேங்க முழுசா நிரப்புங்க, ஆயில் புதுசா மாத்துங்க, டயர் காத்து கொஞ்சம் ஏத்தி வைங்க, ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல நிறுத்தி சக்கரத்துக்கு கட்டை கொடுங்க, இல்லன்னா பிரேக் பேட் ஒட்டிக்கும். பேட்டரிக்கு தானா நின்னுக்கற மெயின்டனன்ஸ் சார்ஜர மாட்டிடுங்க. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கறது நல்லதுன்னு சொல்வாங்க, அது கெடுதல் தான், இன்ஜின் சூடாகாம உள்ள ஈரம் தங்கிடும். எடுத்தா அரை மணி நேரம் ஓட்டுங்க, இல்லன்னா அப்படியே விடுங்க. ஸ்டீயரிங் மேல சார்ஜர் வயர கழட்டுன்னு எழுதி ஒரு சீட்டு ஒட்டி வைங்க, ராத்திரி நாலு தடவை எழுந்த மறுநாள் காலைல அது ஞாபகம் இருக்காது.